வண்டிப் பழுதுக்கு ஸ்பேனரும் டெஸ்டரும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி எழும் கேள்விகள்

நீரோடி முதல் கன்னியாகுமரி வரை உப்புக்காற்று, வருஷத்தில் இரண்டு பருவமழை, குலசேகரம் அருமனைப் பக்கம் ரப்பர் பால் கேன் சுமக்கும் வண்டிகள். வெளியூர்க்காரர் எழுதிய கருவிப் பட்டியல் நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தாமல் போக இவையே காரணம். சொந்த வண்டியைத் தானே பார்த்துக்கொள்பவருக்கும், சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் போட நினைப்பவருக்கும் இந்தப் பக்கம்.

முதல்முறையாகக் கருவி வாங்குகிறேன். பெட்டியோடு வரும் 100 பீஸ் செட் வாங்கலாமா?

வேண்டாம். அதில் பாதி நீங்கள் தொடாத சைஸ், மீதியில் அடிக்கடி தேவைப்படும் 10, 12 சாக்கெட்தான் முதலில் வெடிக்கும். அதே காசில் குறைவான, நல்ல உருப்படிகள் வாங்கலாம். பைக்கும் ஸ்கூட்டரும் பார்க்க இவை போதும்: 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், அதே வரிசையில் டபுள் எண்ட் ஸ்பேனர், 8, 10, 12, 14 டி ஸ்பேனர், 3/8 இஞ்ச் ராட்செட்டும் 8 முதல் 19 வரை ஆறுமூலை சாக்கெட்டும், 75, 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன், 3 முதல் 10 வரை அலன் கீ, நல்ல ஸ்டார் திருப்புளி 1, 2 நம்பர், 6 மி.மீ. பட்டை திருப்புளி, இம்பேக்ட் டிரைவர், கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், அரைக் கிலோ சுத்தியல், பிளாஸ்டிக் சுத்தியல், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டெஸ்ட் பல்பு.

கார், மினி லாரி என்றால் அரை இஞ்ச் ராட்செட், நீளமான பவர் பார், 17, 19, 21 சாக்கெட், ஹைட்ராலிக் ஜாக், ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்னெட் புல்லர், கிளட்ச் ஹோல்டர் போன்ற தனிக் கருவிகளை அந்த வேலை வரும்போது, அந்த மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

ஹீரோவுக்கு 12 உட்காருகிறது, டாடா வண்டிக்கு 13 கேட்கிறது. ஏன்?

போல்ட் ஒன்றுதான், தலைதான் வேறு. 8 மி.மீ. மரை உள்ள போல்ட்டுக்கு ஜப்பானிய முறையில் தலை 12, ஐரோப்பிய முறையில் 13. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானிய முறையில் 14, ஐரோப்பிய முறையில் 16 அல்லது 17. ஹோண்டா, ஹீரோ, யமஹா, சுஸுகி, மாருதி வண்டிகளில் 8, 10, 12, 14, 17, 19 என்ற வரிசையே பெரும்பாலும் வரும். டாடா, மஹிந்திராவில் 10, 13, 17, 19 கையில் இருக்க வேண்டும். ஆகவே 12, 13 இரண்டையும் வாங்குங்கள். 12 போல்ட்டில் 13 ஸ்பேனரைப் போட்டு, "கொஞ்சம் லூஸ்தான், சுற்றிவிடும்" என்று இழுத்தால் தலை மொட்டையாகும்.

இஞ்ச் ஸ்பேனர் பழையது வீட்டில் கிடந்தால் ஒரு கணக்கு: முக்கால் இஞ்ச் என்பது 19.05 மி.மீ., 19க்குத் தாராளமாகப் போடலாம். அரை இஞ்ச் 12.7 மி.மீ., அது 13 நட்டில் ஏறவே ஏறாது, 12ல் வழுக்கும்.

ரிங், டபுள் எண்ட், சாக்கெட்: எதை எப்போது?

இறுகிய போல்ட்டை முதலில் அசைக்க ரிங் அல்லது ஆறுமூலை சாக்கெட். டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு முகத்தை மட்டும் பிடிக்கும், அழுத்தம் ஏறும்போது வாய் விரியும். அதனால் அது லூஸான பிறகு சுற்றவும், பிரேக் பைப், கேபிள் அட்ஜஸ்டர் போல ரிங் நுழையாத இடத்துக்கும். பிரேக் பைப் நட்டுக்கு ஒரு பக்கம் வெட்டிய ரிங் தனியாகக் கிடைக்கும். கடற்கரை வண்டிகளில் அந்த நட் உப்பேறி இறுகியிருக்கும், அதற்கு இது இருந்தால் பைப்பை முறுக்கி உடைக்க நேராது.

பன்னிரண்டுமூலை சாக்கெட் குறுகிய இடத்தில் சீக்கிரம் பிடி கொடுக்கும். துரு ஏறித் தேய்ந்த தலையில் அது மூலையைச் சீவிவிடும். உப்புக்காற்று வண்டிக்கு ஆறுமூலைதான் எங்கள் தேர்வு.

ஸ்க்ரூ ஸ்பேனர் வைத்தே ஆக வேண்டுமென்றால் அசையாத தாடைப் பக்கம் அழுத்தம் விழும்படி திருப்பிப் போடுங்கள்.

பைக் ஸ்க்ரூ தலை ஏன் இவ்வளவு சீக்கிரம் வழுக்குகிறது?

ஜப்பானிய வழி வண்டிகளில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ சாதாரண ஃபிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் அதுதான். சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை உட்காராது, முறுக்கினால் மேலே ஏறிக் குழியைச் சுரண்டும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இம்பேக்ட் டிரைவர்: முனையை அழுத்தி வைத்து, உடலைக் கழற்றும் திசையில் லேசாகத் திருகிப் பிடித்து, பின்னால் சுத்தியலால் ஒரே அடி. தயங்கித் தயங்கி நாலு அடி அடிப்பதைவிட உறுதியான ஒரு அடி நல்லது. கார்பரேட்டர் கிண்ணம் போன்ற மெல்லிய வார்ப்பில் மட்டும் சுத்தியல் வேண்டாம், உடைந்துவிடும்.

என்ன மல்டிமீட்டர் வாங்கலாம்? விலை கூடினால்தான் நல்லதா?

வண்டி வேலைக்கு நாலு வசதி இருந்தால் போதும்: டிசி வோல்ட், ஓம், சத்தம் போடும் தொடர்ச்சிச் சோதனை, ஃபியூஸ் உள்ள 10 ஆம்பியர் துளை. கடைசியது முக்கியம். மலிவான சில மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது, துளை அருகில் "ஃபியூஸ் இல்லை" என்ற பொருளில் எழுதியிருக்கும். அந்த மீட்டரில் ஆம்பியர் அளக்கவே வேண்டாம்.

வாங்கியதும் சிவப்பு, கறுப்பு முனைகளைத் தொட்டு ஓம் பாருங்கள். 0.2, 0.3 என்று காட்டினால் அது ஒயரின் சொந்தத் தடை, பின்னால் அளப்பதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 2 ஓமுக்கு மேல் ஆடினால் முனை ஒயரை மாற்றுங்கள். கூடவே முதலைவாய் கிளிப் ஒரு ஜோடி வாங்கினால் ஒரு கை மிச்சமாகும். செல்ஃப் பட்டனை அழுத்தவும் மீட்டரைப் பார்க்கவும் ஒருவரே போதும்.

மீட்டரில் 12.5 காட்டுகிறது. பேட்டரி நல்லதுதானே?

அந்த எண் பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு பலம் என்று சொல்லாது. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்தது, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் அளவு. ஓடி நின்ற உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துப் பிறகு அளந்தால் அந்தப் பொய் வோல்ட் கழியும்.

பலம் தெரிய செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு சற்று ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்துத் தீரும், பல்பும் போகும்.

சார்ஜ் ஏறாத பைக்கில் ரெகுலேட்டரை மாற்றும் முன் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலைப் பாருங்கள். மேக்னெட்டிலிருந்து மூன்று ஒரே நிற ஒயர் வரும் மாடல்களில் கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது இரண்டிரண்டாக அளக்க வேண்டும். மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வரணும், ரேஸ் கூடக் கூட ஏறணும். ஒரு ஜோடி குறைந்தாலோ, எஞ்சின் நின்றபின் எந்த ஒயருக்கும் எர்த்துக்கும் தொடர்ச்சி காட்டினாலோ காயில்தான் குற்றவாளி.

குளச்சல் பக்கம் வீடு. ஸ்கூட்டரில் செல்ஃப் "டிக்" என்கிறது, எடுக்கவில்லை. பேட்டரி புதுசு. என்ன பார்ப்பது?

நம் கடற்கரையில் மிக அதிகமாக வரும் பழுது இது. பேட்டரியையும் மோட்டாரையும் மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் அதிகம். பழுது பெரும்பாலும் இடையிலுள்ள ஒரு இணைப்பில் இருக்கும். அதைப் பிடிக்க வோல்ட் இழப்புச் சோதனை. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் பிடித்தே எல்லாவற்றையும் செய்யுங்கள்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக. கிளாம்பில் வைக்கக் கூடாது, பேட்டரியின் முனையிலேயே வைக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி அல்லது மோட்டார். 12க்கு மேல் அசையாமல் நின்று "டிக்" மட்டும் கேட்டால், கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை என்று பொருள். தொடருங்கள்.

இரண்டாவது எர்த் பக்கம். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை எஞ்சின் உடலில் பெயிண்ட் இல்லாத இடத்தில். பட்டனை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று ஏறினால் எர்த் ஒயரின் இரு முனையில் ஒன்று கெட்டிருக்கிறது.

மூன்றாவது பாசிட்டிவ் பக்கம். சிவப்பு பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு மோட்டாரின் தடித்த ஒயர் திருகிலே. அழுத்தும்போது 0.5க்குள் இருக்கணும். கூடுதலாக வந்தால் ரிலேயின் இரு தடித்த திருகுகளுக்கு இடையே அளங்கள். அழுத்தாதபோது 12 காட்டும், அழுத்தினால் 0.3க்குள் விழ வேண்டும். விழாவிட்டால் ரிலேயின் உள்முனை கரிந்துவிட்டது.

ஓம் வைத்துப் பார்த்தால் ஒயர் சரியாகத்தானே காட்டுகிறது என்று பலர் கேட்பார்கள். இருபது இழை உள்ள ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டருக்கு அது நல்ல ஒயர்தான், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுப்பதாக வையுங்கள். வெறும் 0.05 ஓம் தடை கூடினாலே 2.5 வோல்ட் அங்கேயே போய்விடும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் இது வெளியே வரும்.

எர்த் முனையைக் கழற்றியதும் என்ன தெரியும்? லக்கின் (ஒயர் நுனியிலுள்ள உலோக வளையம்) ஓரத்தில் பச்சைக் களிம்பு, அடியில் எஞ்சின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. இரண்டையும் உப்புக் காகிதத்தால் பளபளக்கும் வரை தேயுங்கள். ஒயர் உறையை அரை இஞ்ச் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் களிம்பு உறைக்குள்ளேயே ஏறியிருக்கிறது, பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிப் புதிய லக் போட வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பிறகு ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பின் மேலே வாசலின் அல்லது கிரீஸ் பூசுங்கள். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் பூச வேண்டாம்.

சின்னமுட்டம், முட்டம், தேங்காய்பட்டணத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றும் மினி லாரிகளில் இதே கதை பின் விளக்கில் நடக்கும். பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் சேஸிஸ் ஓரமாக வழிந்து பின் எர்த் திருகில் தங்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் மங்கலாகக் கண் சிமிட்டுகிறதா? பல்பை விட்டுவிட்டு எர்த்தைப் பாருங்கள்.

டெஸ்ட் பல்பா, மீட்டரா?

இரண்டும் வேண்டும். மீட்டர் எண் சொல்லும், பல்பு அந்த ஒயருக்குச் சுமை தாங்கும் திராணி உண்டா என்று சொல்லும். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்புக்கு ஹோல்டர் வைத்து இரண்டு ஒயர் இழுத்தால் டெஸ்ட் பல்பு தயார். ஹாரன், ஹெட்லைட், ஃபேன் ஒயரில் மீட்டர் 12 காட்டியும் பல்பு மங்கினால் வழியில் களிம்பு.

இசியு (வண்டியின் கம்ப்யூட்டர்), சென்சார், ஏர்பேக் ஒயரில் இந்தப் பல்பைத் தொடவே கூடாது. பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும், இசியுவுக்குள் இருக்கும் மெல்லிய டிரான்சிஸ்டர் அதில் எரிந்துவிடும். ஏர்பேக் ஒயர் பெரும்பாலும் மஞ்சள் உறையில் வரும். அதில் மீட்டர்கூட வைக்காதீர்கள்.

இரவில் நிறுத்திய கார் காலையில் எடுக்கவில்லை. எதுவோ கரண்ட் தின்கிறது. எப்படிப் பிடிப்பது?

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பானெட் லாக்கைத் திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். முதலில் பல ஆம்பியர்கூடக் காட்டும். அரை மணி நேரம் விடுங்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கும். கடைசியில் 0.05 ஆம்பியர், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் சரி. கூடுதலாக நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக இழுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன்.

300 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் சுத்தமாகக் காலி, இரண்டு மூன்று நாளிலேயே செல்ஃப் தளரும். பின்னால் பொருத்திய ஸ்பீக்கர், கேமரா, ஜிபிஎஸ் இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போகும். ஆம்பியர் துளையில் முனை இருக்கும்போது பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் அது நேர் ஷார்ட். வேலை முடிந்ததும் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டே மீட்டரை வையுங்கள்.

டார்க் ரெஞ்ச் அவசியமா? கை அளவு போதாதா?

குறித்த முறுக்கு வந்ததும் "கிளிக்" என்று சொல்லும் ஸ்பேனர் அது. ஸ்பார்க் பிளக், வீல் நட், சிலிண்டர் ஹெட், அலுமினிய எஞ்சின் கவர்: இந்த நாலுக்கும் அவசியம். 6 மி.மீ. கவர் போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 10 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. நீள ஸ்பேனரில் பத்துக் கிலோ இழுவை அது. அதே போல்ட்டில் 25 செ.மீ. ராட்செட்டைப் போட்டால் நாலு கிலோ இழுவையே போதும், ஆனால் கை தன் பழக்கத்தில் பத்துக் கிலோ இழுத்துவிடும். மரை அங்கேதான் கழிகிறது.

பைக்குக்கு 5 முதல் 60 வரை ஒன்று, கார் வீலுக்கு 200 வரை ஒன்று. ஒரே ரெஞ்சில் எல்லாம் முடியாது, அதன் மிகக் குறைந்த எண்களை ஒட்டிக் கணக்கு நம்பத் தகுந்ததல்ல. எண்ணை வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள். "கிளிக்" என்றதும் நிறுத்துங்கள், இன்னொரு கிளிக் என்பது கூடுதல் முறுக்கு. கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள். கையேட்டு எண் பொதுவாகக் காய்ந்த மரைக்கு உரியது, எண்ணெய் அல்லது ஆண்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசிய மரையில் அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் பிளக் மாட்ட வேண்டியிருந்தால்: கையாலேயே முழுக்கத் திருகி உட்கார வையுங்கள். வாஷர் உள்ள புதிய பிளக் என்றால் அங்கிருந்து அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகார முள் ஒரு மணி நகரும் அளவு போதும். முதல் இரண்டு சுற்று கையால் போகாவிட்டால் மரை குறுக்கே விழுந்திருக்கிறது, ஸ்பேனரைத் தொடாமல் கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

பிளக் ஸ்பேனர் 16, 18, 21 என்று மூன்று வகை இருக்கிறதே?

மரை 10 மி.மீ. என்றால் தலை 16, 12 என்றால் 18 அல்லது 16, 14 என்றால் பெரும்பாலும் 21. நூறு சிசி பைக் பலவற்றில் 16. உள்ளே ரப்பர் உள்ள ஸ்பேனராக வாங்கினால் பிளக் கீழே விழாது, பீங்கானும் உடையாது.

போல்ட் இறுகி வரவே இல்லை. மரை கழியாமல் எப்படி எடுப்பது?

அலுமினிய எஞ்சினில் இரும்பு போல்ட், நடுவில் உப்பு ஈரம். மின்கலம் போலவே வேலை செய்து அலுமினியம் அரித்துப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அவசரப்பட்டால் தலை ஒடியும்.

கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் போல்ட் தலையில் நேராகச் சில தட்டு. பிறகு முதலில் இறுக்கும் திசையில் நூலளவு அசைத்து, அப்புறம் கழற்றும் திசையில். வந்தால் கால் சுற்று, திரும்ப உள்ளே, மறுபடி எண்ணெய் என்று போங்கள். வராவிட்டால் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள், அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும், பிடி தளரும். பெட்ரோல் டேங்க், கார்பரேட்டர் அருகே சூடு வேண்டாம்.

மரை கழிந்தேவிட்டால் பெரிய போல்ட் திணிக்க வேண்டாம். ஹெலிகாயில் போடலாம்: 6 மி.மீ. மரைக்கு 6.3 மி.மீ. டிரில், அதற்கென வரும் மரை வெட்டும் டேப், பிறகு கம்பிச் சுருள். அதே பழைய போல்ட் திரும்பப் பொருந்தும், மரையும் முன்னைவிட உறுதி. திரும்ப மாட்டும்போது மரையில் துளி ஆண்டி சீஸ் தடவிவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகும் போல்ட் கழன்று வரும்.

கம்ப்ரஷன் கேஜ் எப்படிப் பயன்படுத்துவது?

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கருவி இது. எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் அல்லது இக்னிஷன் ஃபியூஸை எடுத்துவிட்டு, கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து முள் ஏறுவது நிற்கும் வரை செல்ஃப் அடியுங்கள். ஆக்சிலேட்டரைத் திறக்க மறந்தால் நல்ல எஞ்சினும் குறைவாகக் காட்டும். பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ. சரியான எண் கையேட்டில். பல சிலிண்டர் எஞ்சினில் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசமே முக்கியம், 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. வால்வைப் பிரிக்கும் முன் டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு மூடாது, கம்ப்ரஷனும் நிற்காது. எஞ்சின் முழுக்க ஆறியபின், கம்ப்ரஷன் உச்சத்தில் வைத்து, கேஜ் தகடு லேசான பிடிப்போடு உரசி நகர வேண்டும்.

ஸ்டார்ட் எளிதாக வால்வைச் சற்றுத் திறந்து வைக்கும் டீகம்ப்ரஷன் ஏற்பாடு சில வண்டிகளில் உண்டு, அவற்றில் எண் குறைவாகவே வரும். டீசல் எஞ்சினுக்கு இந்த கேஜ் ஆகாது, அங்கே அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு.

புளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கினால் மெக்கானிக்கிடம் போக வேண்டாமா?

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறு எண்ணை ஸ்கேனர் படிக்கும். அது எந்த வழியில் கோளாறு என்று சொல்லும், எந்தப் பார்ட் என்று சொல்லாது. பி0171 வந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று கூடுதல் என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அர்த்தமல்ல. இன்டேக் ரப்பர் வெடிப்பு, அடைத்த ஃபில்டர், தளர்ந்த பம்ப் எதுவாகவும் இருக்கலாம். பி0335 வந்தால் கிராங்க் சென்சாரைக் கழற்றும் முன் அதன் கப்ளரைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அது பாதி வேலை.

காரில் 16 ஊசி சாக்கெட், ஸ்டியரிங் அடியில். ஈஎல்எம் 327 வகை மலிவுக் கருவி எஞ்சின் கோளாறு எண்களைப் படிக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் பெரும்பாலும் போகாது. 16ஆம் ஊசியில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும், வேலை முடிந்ததும் கருவியைப் பிடுங்கிவிடுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் பைக், ஸ்கூட்டரிலும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் கோளாறு எண்ணும் உண்டு. அவற்றின் கப்ளர் வேறு என்பதால் அடாப்டர் தேவை. கோளாறு எண்ணை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். அழித்துவிட்டு எடுத்துப் போனால் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமே போய்விடும்.

ஓடும் எஞ்சினில் பிளக் கேப்பைப் பிடுங்கி ஸ்பார்க் பார்க்கலாமா?

இசியு உள்ள வண்டியில் கூடாது. வழியில்லாத உயர் வோல்ட் இக்னிஷன் காயிலையும் இசியுவையும் கொல்லும். இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி, எஞ்சின் உடலோடு எர்த் செய்து பாருங்கள்.

மழைக்காலத்தில் கருவி துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

சில வாரத்தில் பிசுபிசுத்துத் தூசியை ஒட்டவைக்கும், ராட்செட்டின் பல்லைச் சிக்க வைக்கும். வேலை முடிந்ததும் டீசல் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் எடுத்து, எஞ்சின் ஆயில் மெல்லியதாகத் தடவினால் போதும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் சில. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கருவியை நிரந்தரமாக வைக்க வேண்டாம், மழைத் தண்ணீர் அங்கே இறங்கும்.

ரப்பர் பால் ஏற்றும் வண்டிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இரும்பைத் தின்னும். சிந்திய அன்றே வண்டியையும் கருவியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் வழியில் வண்டி நின்றால் அங்கேயே பிரித்துப் பார்க்கலாமா?

முப்பந்தல் காற்றில் மணல் பறக்கும் நாளில் ஏர் ஃபில்டர், கார்பரேட்டர், பிரேக் சிலிண்டர் எதையும் திறக்காதீர்கள். ஃபியூஸ், பேட்டரி கிளாம்பு, பிளக் இவற்றோடு நிறுத்துங்கள். டயர் மாற்ற நேர்ந்தால் கல் முட்டுக் கொடுத்து, வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, அப்புறம் ஜாக் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை வைக்கக் கூடாது. வீட்டு முற்றத்தில் செய்தாலும் ஜாக் ஸ்டாண்டு வைத்த பிறகே படுக்க வேண்டும்.

மின்சார ஸ்கூட்டருக்கும் இதே கருவிகள் போதுமா?

பிரேக், சஸ்பென்ஷன், டயர், 12 வோல்ட் விளக்கு இவற்றுக்குப் போதும். மோட்டார் பக்கம் வோல்ட் 48 முதல் 72 வரை போகும் வண்டிகள் உண்டு. அந்தப் பேட்டரிப் பெட்டியில் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஸ்பேனரே உருகும். மோதிரம், காப்பு கழற்றி வையுங்கள், உறை போட்ட கருவி மட்டும் எடுங்கள். மின்சார, ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற உறையுள்ள ஒயர் நூற்றுக்கணக்கான வோல்ட் சுமப்பது. அதற்குப் பயிற்சியும் அதற்கேற்ற கையுறையும் உள்ளவரிடம் வண்டியை விடுங்கள்.